ஒரே வீட்டில் இரண்டு பெண் நாய்கள்: ஒன்றுக்கு அவசரம், ஒன்றுக்குப் பொறுமை

டெய்சி: லேப்ரடார், 7 மாதம், 21 கிலோ. ஹீட், அதாவது இணை சேரும் பருவம், இன்னும் வரவில்லை.
செல்லி: நாட்டு நாய், சுமார் 5 மாதம், 8 கிலோ. தெருவிலிருந்து எடுத்து வந்தது. இதற்கும் ஹீட் வரவில்லை.

இரண்டும் மதுரையில் ஒரே வீட்டில் வளர்பவை. நாய்களின் பெயரை மாற்றியிருக்கிறேன். வீட்டாரைப் பற்றி, முடிவெடுக்கத் தேவைப்பட்டதை மட்டும் சொல்கிறேன். நெருக்கமான தெரு, ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள், இடுப்பளவு காம்பவுண்ட் சுவர், வாசலில் எப்போதும் நாலைந்து தெரு நாய்கள். வீட்டில் கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், அப்பத்தா. பகல் முழுக்க நாய்களோடு இருப்பவர் அப்பத்தா மட்டும்தான்.

கருத்தடை ஆபரேஷன் பற்றி எல்லோரும் கேட்கும் கேள்வியைத்தான் அவர்களும் கேட்டார்கள். "டாக்டர், எத்தனை மாசத்துல ஆபரேஷன் பண்ணணும்?" அதற்கு முன்பே அவர்களுக்கு மூன்று பதில்கள் கிடைத்திருந்தன. ஆறு மாதத்தில் முடித்துவிடுங்கள் என்று ஒருவர். ரெண்டு வயசுல ஒரு தடவை குட்டி போடவிட்டு அப்புறம் பண்ணுங்க என்று டெய்சியை விற்றவர். பெரிய இனத்துக்கு அவசரப்படக் கூடாது என்று இணையத்தில் படித்த மகள். மூன்றையும் கேட்ட அப்பத்தா, "ஒரு தடவையாச்சும் தாயாக வேணாமா, பாவம்" என்று குட்டி விற்பவர் பக்கம் சாய்ந்திருந்தார்.

வயதை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. வளர்ந்தபின் நாய் எத்தனை கிலோ இருக்கும், ஒரு ஹீட் முழுக்க அதைக் காவல் காக்க வீட்டில் ஆள் உண்டா, ஆபரேஷன் அன்று அது ஹீட் சுழற்சியின் எந்தக் கட்டத்தில் நிற்கிறது, இந்த மூன்றும் தெரியாமல் மாதக் கணக்கு சொல்லிப் பயனில்லை. இந்த வீட்டில் இரண்டு நாய்களுக்கும் இரண்டு வேறு பதில்கள் கிடைத்ததற்குக் காரணமும் அதுதான்.

எண்கள் சொல்வது என்ன

சீக்கிரம் செய்யச் சொல்பவர்கள் காட்டும் முதல் ஆதாரம் மடிக்கட்டி, அதாவது மடியில் வரும் புற்றுநோய்க் கட்டி. 1969இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வின் எண்கள் இன்றுவரை எல்லா இடத்திலும் சுற்றுகின்றன: முதல் ஹீட்டுக்கு முன் செய்தால் 0.5 சதவீதம், ஒரு ஹீட்டுக்குப் பின் 8, இரண்டாவதற்குப் பின் 26. இதைப் படித்தவர்கள் "இரண்டு ஹீட் விட்டால் நூற்றில் 26 நாய்க்குப் புற்றுநோய்" என்று புரிந்துகொண்டு பதறி வருகிறார்கள். அது அப்படி இல்லை. ஆபரேஷனே செய்யாத நாய்க்கு இருக்கும் ஆபத்தை 100 என்று வைத்துக்கொண்டால், அதோடு ஒப்பிட மற்றவற்றின் ஆபத்து 0.5, 8, 26. ஒரு ஹீட் போனபின் செய்தாலும் பாதுகாப்பின் பெரும்பங்கு மிஞ்சுகிறது என்றுதான் அந்த எண்களையே படிக்க வேண்டும். போதாததற்கு, 2012இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் இது பற்றிய பழைய ஆய்வுகளையெல்லாம் சலித்துப் பார்த்து, ஆதாரம் நாம் நினைத்த அளவு உறுதியானதல்ல என்று எழுதினார்கள். அதனால் மடிக்கட்டியை நான் கணக்கில் சேர்க்கிறேன், ஆனால் அதை மட்டுமே காட்டி யாரையும் பயமுறுத்துவதில்லை.

எதிர்த்தட்டில் மூட்டு இருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் கால்நடைக் கல்லூரி 2020இல் 35 இனங்களின் மருத்துவப் பதிவுகளை அலசியது. லேப்ரடார் பெண் நாய்களில், ஒரு வயதுக்கு முன் கருத்தடை செய்தவற்றுக்கு மூட்டுக் கோளாறு ஏறக்குறைய இரட்டிப்பாகத் தெரிந்தது. காரணம் ஊகிக்கக்கூடியதே. எலும்பின் நுனியில் உள்ள வளர்ச்சித் தட்டு மூடுவதற்கு, கருமுட்டை உண்டாகும் சினைப்பையிலிருந்து வரும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் தேவை. சினைப்பையை முன்கூட்டியே எடுத்துவிட்டால் கால் எலும்பு இன்னும் கொஞ்ச காலம் நீள்கிறது, முழங்காலின் கோணம் மாறுகிறது, உள்ளே இருக்கும் தசைநார் மீது சுமை கூடுகிறது. அதே குழு கலப்பின நாய்களையும் எடை வாரியாகப் பிரித்துப் பார்த்தது. வளர்ந்தபின் 20 கிலோவுக்கு மேல் வருபவற்றில்தான் இந்தச் சிக்கல். அதற்குக் கீழே உள்ளவற்றில் சீக்கிரம் செய்ததால் மூட்டுக் கோளாறு கூடவில்லை.

செல்லி வளர்ந்தால் 13, 14 கிலோவைத் தாண்டாது. டெய்சி 28 கிலோவாவது வரும். செல்லிக்கு முதல் ஹீட்டுக்கு முன்பே, டெய்சிக்கு ஒரு வயது கடந்து, ஒரு ஹீட் முடிந்தபின் என்று முடிவாயிற்று.

"ஆபரேஷனே வேண்டாம் என்று விட்டால் என்ன?" என்று வீட்டுக்காரர் கேட்டார். நல்ல கேள்வி. விடலாம், ஆனால் வருடத்துக்கு இரண்டு முறை காவல் காக்க வேண்டும், வயதாக ஆகக் கருப்பையில் சீழ் கட்டுவதை, அதாவது பயோமெட்ராவை, எதிர்பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்வீடனில் காப்பீட்டுப் பதிவுகளை வைத்துப் பார்த்ததில், கருப்பையோடு இருக்கும் பெண் நாய்களில் ஏறக்குறைய கால்வாசி 10 வயதுக்குள் இதில் சிக்கியிருக்கின்றன. பெரும்பாலும் ஹீட் முடிந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் வரும். நிறைய தண்ணீர் குடிக்கும், சாப்பிடாது, வாந்தி எடுக்கும், சிலவற்றுக்குப் பின்னால் சீழ் கசியும். "டாக்டர், இந்தத் தடவை ஹீட் நிக்கவே மாட்டேங்குது" என்று தூக்கி வருவார்கள். அது ஹீட் இல்லை. சீழ் வெளியே வராமல் உள்ளேயே நின்றுவிட்டால் இன்னும் மோசம். அந்த நிலையில் செய்யும் ஆபரேஷன், இளம் நாய்க்கு நிதானமாக நாள் பார்த்துச் செய்வது போல இருக்காது.

அப்பத்தாவிடம் ஒன்றைத் தெளிவாகச் சொன்னேன். ஒரு முறை குட்டி போடுவதால் நாய்க்கு நோய் குறையும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை, மனக்குறையும் தீராது. அவர் தலையாட்டினார். ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

செல்லி

செல்லியின் ஆபரேஷன் குறித்த நாளில் நடக்கவில்லை. முன்கூட்டி எடுத்த ரத்தப் பரிசோதனையில், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 90,000 மட்டுமே இருந்தன. ஆரோக்கியமான நாய்க்கு 2 லட்சத்துக்குக் குறையக் கூடாது. ஓடியாடிக்கொண்டிருந்த குட்டி, காய்ச்சல் இல்லை, ஆனால் காது மடலுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி. நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் இப்படித்தான் சத்தமில்லாமல் இருக்கும், கத்தி வைத்தபின் ரத்தம் உறையாமல் வழியும்போதுதான் தெரியும். தெருவிலிருந்து எடுத்த நாய்க்கு ரத்தப் பரிசோதனை இல்லாமல் கருத்தடை செய்யக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான். டாக்ஸிசைக்ளின் 28 நாள், உண்ணிக்கு மாத்திரை, பிறகு மறுபரிசோதனை. தட்டணுக்கள் ஏறிய பின், ஆறரை மாத வாக்கில் ஆபரேஷன் முடிந்தது. சின்ன வெட்டு, மெல்லிய ரத்தக் குழாய்கள், மறுநாளே ஓட்டம். கழுத்தில் கூம்பு மாட்டினால் சுவரில் முட்டிக்கொண்டு நின்றதால், பிள்ளைகளின் பழைய பனியனை மாட்டி வாலுக்கு மேலே முடிச்சுப் போட்டார்கள். தையலை நக்காமல் இருக்க அதுவே போதுமாக இருந்தது.

டெய்சியின் ஹீட்

பத்தரை மாதத்தில் டெய்சிக்கு ஹீட் வந்தது. அதற்கு ஒரு வாரம் முன்பே தெருவில் நடக்கும்போது அடிக்கொரு தரம் நின்று சிறுநீர் விட்டிருக்கிறது. பிறகு பின்பகுதி வீங்கியது, தரையில் சொட்டு ரத்தம். முதல் நாளே போன்: "இப்பவே ஆபரேஷன் பண்ணிடலாமா?"

செய்ய முடியாது என்றில்லை, செய்வதில் லாபமில்லை. ஹீட்டில் கருப்பையின் ரத்தக் குழாய்கள் புடைத்திருக்கும், திசு இளகியிருக்கும், நூல் கட்டும்போது கிழியும், ரத்தப்போக்கு கூடும். ஆபரேஷன் முடிந்தபின்னும் சில நாள் வாசனை இருப்பதால் ஆண் நாய்கள் விடாது; தையல் போட்ட உடம்போடு அது இணை சேர்ந்தால் உள்ளே புண்பட்டுப் பெரிய ஆபத்தாகும். ஹீட்டை நிறுத்த ஊசி இருக்கிறதாமே என்று அடுத்த கேள்வி. இருக்கிறது, மெட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன். அந்த ஹார்மோன் கருப்பையின் உட்சுவரைத் தடிக்க வைத்து, பயோமெட்ராவுக்கு வழி போட்டுக் கொடுக்கும். மூன்று வாரத் தொல்லையைத் தவிர்க்க அந்த விலை கொடுக்க நான் சம்மதிப்பதில்லை.

ஆகக் காவல்தான். இங்கே பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ரத்தம் நின்றதும் ஹீட் முடிந்தது என்று நினைத்துக் கதவைத் திறந்துவிடுகிறார்கள். உண்மை நேர் எதிர். முதல் ஒன்பது நாள் அளவில் ரத்தம் சிவப்பாக வரும். ஆண் நாய்கள் மோப்பம் பிடித்து வரும், பெண் நாய் பல்லைக் காட்டி விரட்டும். பிறகு ரத்தம் வெளிறி வைக்கோல் நிறமாகும், வீக்கம் கொஞ்சம் தளரும். அப்போதுதான் வாலை ஒதுக்கி நிற்கும், அப்போதுதான் சினை பிடிக்கும். இந்தக் கட்டமும் ஏறக்குறைய ஒன்பது நாள். எல்லாம் சராசரிதான், மூன்றாம் நாளே இப்படி வாலை ஒதுக்கி நிற்கிற நாயும் உண்டு, மூன்றாவது வாரத்தில் நிற்கிற நாயும் உண்டு. கருமுட்டை வெளிவந்த பின் முதிர இரண்டு நாள் எடுக்கும், அதன் பிறகும் சில நாள் உயிரோடு இருக்கும். ஆண் நாயின் விந்தணு உள்ளே ஐந்தாறு நாள் தாங்கும். அதனால் "இன்னைக்கு மட்டும் ஜாக்கிரதையா இருந்தா போதும்" என்று ஒரு நாளைக் குறித்துத் தர யாராலும் முடியாது. முதல் சொட்டு ரத்தம் கண்ட நாளைக் காலண்டரில் வட்டமிடச் சொன்னேன். அதிலிருந்து நான்கு வாரம் காவல்.

டயப்பர் தரையைச் சுத்தமாக வைத்திருக்கும், இணை சேர்வதைத் தடுக்காது. சங்கிலியில் கட்டிப்போட்டு வெளியே விடுவது எல்லாவற்றையும் விட மோசம். ஓடவும் முடியாது, விரட்டவும் முடியாது. சுவர் இடுப்பளவு என்பதால் முற்றத்தில் தனியாக விடவே கூடாது. கேட் ஒன்று, வீட்டுக் கதவு ஒன்று, இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கக் கூடாது. பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் பழக்கப்படுத்தினார்கள். தெருவில் நடத்துவதை நிறுத்திவிட்டு, மலம், சிறுநீருக்கு மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனார்கள்.

இத்தனைக்கும் நடுவில் செல்லியை எந்த ஆண் நாயும் திரும்பிப் பார்க்கவில்லை. வாசலில் ஏழெட்டு நாய்கள் ஊளையிட்டுக் கிடக்க, அது பாட்டுக்கு அவற்றின் நடுவே போய்ப் படுத்துக்கொண்டது.

மாடியில் நடந்தது

பதின்மூன்றாம் நாள் மாலை அப்பத்தா டெய்சியை மாடியில் விட்டுவிட்டு, கொடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு இறங்கியிருக்கிறார். திரும்ப ஏறிப் பார்த்தால் பக்கத்து வீட்டு ஆண் நாய் அங்கே நிற்கிறது. தெருவை அடைத்தவர்கள் மாடியை யோசிக்கவில்லை. இரண்டு வீட்டு மாடிக்கும் நடுவே முழங்கால் உயரக் கட்டைச் சுவர்தான். இரண்டும் இணை சேர்ந்து மாட்டிக்கொண்டு நின்றதை யாரும் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதால் நடக்கவில்லை என்றும் ஆகாது.

(மாட்டிக்கொண்டு நின்றால் என்ன செய்வது என்றும் சொல்லிவிடுகிறேன். ஒன்றும் செய்யக் கூடாது. தண்ணீர் ஊற்றுவது, கல்லெறிவது, பிடித்து இழுப்பது எல்லாம் இரண்டு நாய்களையும் காயப்படுத்தும். பத்து நிமிடமோ அரை மணி நேரமோ, தானாக விடுபடும். அந்த நேரத்தில் பிரித்தாலும் சினையைத் தடுக்க முடியாது.)

அன்று இரவே கிளினிக்குக்கு வந்தார்கள். பஞ்சுக் குச்சியால் பெண்ணுறுப்பின் உள்ளிருந்து செல்களை எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றிப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாமே ஓரம் மடிந்து, உட்கரு மங்கிய தட்டையான செல்கள். அதாவது சினை பிடிக்கும் கட்டத்தில் இருக்கிறது. விந்தணு தென்படவில்லை. தென்பட்டால் உறுதி, தென்படாவிட்டால் நிம்மதி என்று அர்த்தமில்லை.

"கலைக்கிற ஊசி போட்டுடுங்க டாக்டர்" என்றார் வீட்டுக்காரர். ஈஸ்ட்ரோஜன் ஊசியைத்தான் கேட்கிறார். முன்பு பரவலாகப் போட்டதுதான். எலும்பு மஜ்ஜையை முடக்கி ரத்த உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடியது, பயோமெட்ராவையும் இழுத்து வரும். நடந்ததா என்றே தெரியாத ஒன்றுக்கு, எப்படியும் கருப்பையை எடுக்கப்போகிற நாய்க்கு, அதைப் போடுவதில் அர்த்தமே இல்லை. ஒரு மாதம் பொறுத்து ஸ்கேன் பார்ப்போம். சினை என்றால் அந்த ஆரம்பக் கட்டத்திலேயே கருப்பையோடு எடுத்துவிடலாமா, குட்டி போட விடுவதா என்று அப்போது பேசிக்கொள்ளலாம் என்றேன். சினையான கருப்பையை எடுப்பதற்கு அப்பத்தா சம்மதிக்க மாட்டார் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரு மாதம் அவர்களுக்கு நீளமாகத்தான் இருந்திருக்கும்.

ஸ்கேனில் கருப்பை காலி.

அப்பத்தாவின் செருப்பு

சினை இல்லை என்று தெரிந்து மூன்று வாரம் கழித்து மறுபடி போன். டெய்சி கட்டிலுக்கடியில் துணிகளை இழுத்துக் குவித்து, அப்பத்தாவின் ரப்பர் செருப்பு ஒன்றை நடுவில் வைத்து, பக்கத்தில் போனால் உறுமுகிறது. மடி பெருத்து, காம்பை அழுத்தினால் பால். "ஸ்கேன் தப்பா இருக்குமோ?" என்றார் மனைவி. "நான் அப்பவே சொன்னேன், குட்டிக்கு ஏங்குது" என்று பின்னாலிருந்து அப்பத்தாவின் குரல்.

இது பொய்ச்சினை. பெரும்பாலான மற்ற விலங்குகளிலிருந்து நாய் வேறுபடும் இடம் இது: சினை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், ஹீட் முடிந்து இரண்டு மாதம் அதன் உடம்பில் சினையைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் ஓடிக்கொண்டிருக்கும். அது இறங்கும்போது பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஏறும். குட்டி பெற்ற நாய்க்கும் பெறாத நாய்க்கும் ரத்தத்தில் நடப்பது ஏறக்குறைய ஒன்றே. அதனால்தான் செருப்பைக் குட்டியாக எடுத்துக்கொள்கிறது. ஏக்கம் என்று நாம் பெயர் வைத்துக்கொள்ளலாம், ஆனால் குட்டி போட்ட நாய்க்கும் அடுத்த ஹீட்டுக்குப் பின் இதே வரலாம்.

பாலைப் பிழியக் கூடாது, வெந்நீர் ஒத்தடம் கூடாது. இரண்டுமே இன்னும் பால் சுரக்கச் சொல்வதாகும். நக்காமல் இருக்கப் பனியன், நடை கொஞ்சம் அதிகம், சாப்பாடு கொஞ்சம் குறைவு, செருப்பை அது வெளியே போயிருக்கும் நேரம் பார்த்து அப்புறப்படுத்துவது. பெரும்பாலான நாய்களுக்கு இதுவே போதும், இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும். டெய்சி உறுமி ஒரு பிள்ளையைக் கடிக்கப் போனதால் கேபர்கோலின் சில நாள் கொடுத்தேன். அது புரோலாக்டினை இறக்கும். சினையாக இருந்தால் கருவைக் கலைத்துவிடும். ஸ்கேன் பார்த்து வைத்திருந்தது இங்கே கைகொடுத்தது.

இந்தக் கட்டத்தில் வீட்டார், "எடுத்துவிட்டால் இதெல்லாம் நின்றுவிடுமே, இந்த வாரமே செய்யுங்கள்" என்றார்கள். அப்போது செய்திருந்தால் பால் கட்டிய மடிக்கு நடுவே வெட்ட வேண்டியிருக்கும். தவிர, புரோஜெஸ்டிரோன் மிச்சமிருக்கும் நேரத்தில் சினைப்பையை எடுத்தால் அது சட்டென்று இறங்கி, பொய்ச்சினை அடங்குவதற்குப் பதில் நீடிக்கலாம். மாதக் கணக்கில் இழுத்துக்கொண்டு போன நாய்களும் உண்டு. ஹீட் முடிந்து இரண்டரை, மூன்று மாதம் தாண்டி, பால் வற்றி, அடுத்த ஹீட்டுக்கு இன்னும் காலம் இருக்கும் அந்த அமைதியான இடைவெளிதான் சரியான நேரம்.

ஆபரேஷனும் பிறகும்

டெய்சிக்கு ஒன்றே கால் வயதை நெருங்கும்போது, மடி முழுதும் வற்றியபின் செய்தேன். ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தது. முந்தின இரவோடு சாப்பாடு நிறுத்தம், காலைவரை தண்ணீர் உண்டு. இரண்டு சினைப்பைகளும் கருப்பையும் எடுத்தாயிற்று. எடுத்ததை வீட்டாருக்குக் காட்டுவது என் வழக்கம்: சினைப்பையில் ஒரு துணுக்கு உள்ளே நின்றுபோனாலும் பின்னால் மறுபடி ஹீட் வரும், அதனால் இரண்டும் முழுசாக வெளியே வந்ததை அவர்களும் பார்த்துவிடுவது நல்லது. வலி மருந்து, பத்து நாள் படியேறத் தடை, அதன் பிறகு தையல் பிரிப்பு.

சிக்கல் வந்தது எடையில்தான். கருத்தடைக்குப் பின் உடம்புக்குத் தேவையான கலோரி ஏறக்குறைய கால்பங்கு குறையும், பசி மட்டும் கூடும். சாப்பாட்டை அளந்து வைத்தார்கள், சரி. நடுவில் அப்பத்தாவின் தயிர்சாதமும் மாலை பிஸ்கட்டும் கணக்கில் வரவில்லை. ஆறு மாதத்தில் 28 கிலோ 32 ஆகிவிட்டது. மூட்டுக்காகத்தானே இத்தனை நாள் பொறுத்தோம், இப்போது நாலு கிலோவை அதே மூட்டின் மேல் ஏற்றினால் எப்படி என்று கேட்டேன். பிஸ்கட்டுக்குப் பதில் வெள்ளரிக்காய் என்று பேசி முடித்தோம். இப்போது 29க்கு வந்திருக்கிறது.

செல்லிக்கும் டெய்சிக்கும் இன்னும் பார்க்க வேண்டியது சிறுநீர்க் கசிவு. கருத்தடை செய்த பெண் நாய்களில், அதிலும் 20 கிலோவுக்கு மேற்பட்டவற்றில், சில ஆண்டு கழித்தும் இது வரலாம்: தூங்கி எழுந்த இடம் ஈரமாக இருக்கும், நாய்க்கே தெரியாது. அதைத் திட்டக் கூடாது, மாத்திரையில் பெரும்பாலும் கட்டுப்படும். இதுவரை இரண்டுக்கும் இல்லை. தடுப்பூசிக்கு வரும்போதெல்லாம் படுக்கைத் துணியைப் பற்றி அப்பத்தாவிடம்தான் கேட்கிறேன், துவைப்பவர் அவர்.